ஒன்பதாம் பக்கத்தில் நீ சொன்னது

அன்புள்ள லோரனுக்கு,

அம்மா எழுதுவது. அந்த அலாஸ்கா குளிரில் நீயும் பிள்ளைகளும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை எழுதப் போவதில்லை. அப்பா நலமாக இல்லை, என் இடுப்பும் விட்டுப்போயிற்று. பனி இந்த வருஷம் சீக்கிரமே கொட்டிவிட்டது, தேவாலயத்துக்கு வந்திருக்கும் புதுப் போதகர் நிறுத்தவே தெரியாமல் பேசுகிறார், வேறு புதிதாக ஒன்றுமில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து நம் கவுண்டி நிர்வாகத்தின் மனித சேவைத் துறை தினமும் காலையில் மூன்று மணி நேரம் உதவிக்கு ரெனிட்டாவை அனுப்பி வந்தது உனக்குத் தெரியும். அவரைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டி உடுத்திவிட்டது அவள்தான். வருஷத்துக்கு ஒருமுறை துறையிலிருந்து ஆள் வந்து இன்னும் உதவி தேவையா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அக்டோபரில் டெஸ்ஸா என்றொரு பெண் வந்தாள். வீட்டுக்கு ஒருத்தி வருகிறாள் என்றதும் உன் அப்பா ரெனிட்டாவைச் சவரம் செய்துவிடச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டார், பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கரைக் கதவுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னார். நானும் மடச்சி மாதிரி எலுமிச்சைக் கேக் சுட்டு வைத்தேன். தானாகக் குளிப்பீர்களா என்று அவள் கேட்டாள். "எல்லாம் நானே பாத்துக்குவேன் பாப்பா, இதுக்கெல்லாம் ஒருத்தர தொந்தரவு பண்ணுவாங்களா, நீ காப்பிய குடி" என்று சிரிக்கிறார் மனுஷன். அவளும் குடித்துக்கொண்டே மடிக்கணினியில் தட்டித் தட்டிப் பதிந்துகொண்டாள்.

அதே துறையின் வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். வந்தவர்களிடமெல்லாம் "கேள்வி கேக்கும்போது நல்ல நாளச் சொல்லாதீங்க, இருக்கறதுலயே மோசமான நாளச் சொல்லுங்க" என்று காதோடு சொல்லி அனுப்பியவள். என் வீட்டில் எனக்கு வாய் வரவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை அப்படி. அந்நியப் பெண் முன்னால் அவர் மானத்தை எப்படி வாங்குவேன்? வழியனுப்ப எழுந்து வேறு நின்றார். அவள் கார் வளைவு தாண்டுவதற்குள் அவர் கால்சட்டை நனைந்துவிட்டது, அப்புறம் இரண்டு நாள் படுக்கைதான்.

நவம்பரில் துறையிலிருந்து கடிதம் வந்தது. இனி ரெனிட்டா வாரத்துக்கு நான்கு மணி நேரம்தானாம். மற்ற நாட்களில் நான்தான் குளிப்பாட்டுகிறேன். போன செவ்வாய் அவர் சாய, நான் பிடிக்க, இரண்டு பேரும் குளியலறைத் தரையில் விழுந்தோம். எங்கள் குரல் கேட்டுத் தபால்காரர் வரும்வரை அப்படியே கிடந்தோம். துறைக்கு ஃபோன் செய்தால் அங்கே ஒரு பையன், "படிவத்துல இருக்கறதத்தாம்மா நாங்க பாக்க முடியும்" என்கிறான். நான் ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே வாக்கியம்.

மேல்முறையீடு போட்டு, கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினேன். ஒன்பதாம் பக்கத்தில் நீ இருக்கிறாய். உன்னிடமும் ஃபோனில் கேட்டார்களாமே, சொல்லவே இல்லையே நீ. "அப்பா நல்லாத்தான் இருக்காரு, போன வாரம் ஃபோன்ல வாய்விட்டுச் சிரிச்சாரு, அம்மாதான் எதையும் கொஞ்சம் பெருசு பண்ணுவாங்க" என்று எழுதியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்த நானா பெரிசு பண்ணினேன்? ஒரு வாரம் உன் மேல் வந்த கோபத்தில் சோறு இறங்கவில்லை. இன்னும் ஆறவில்லை, மறைப்பானேன். என் தப்பும் இதில் இருக்கிறது, அதை மேல்முறையீட்டு விசாரணையில் நானே சொல்லப் போகிறேன். அதில் தோற்றால் நாற்பது மைல் தள்ளி இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அவரை அனுப்பத்தான் வேண்டும், என்னால் இனித் தூக்க முடியாது. அவருக்கும் அது தெரியும்.

கடவுள் உன்னையும் குழந்தைகளையும் கைவிடாமல் காக்கட்டும். பனியில் வேகமாக ஓட்டாதே. பதினெட்டாம் தேதி விசாரணை, ஃபோனில்தான் நடக்கும். இங்கே பத்து மணி, உனக்குக் காலை ஏழு, எழுந்திரு. சாட்சியாக உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். எனக்காக எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். அப்பாவைக் கடைசியாக நேரில் எப்போது பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த வருஷத்தை மட்டும் சொல்லிவிடு.

உன் அம்மா,
ஆர்லிஸ்