பெரிய வியாழனில் அம்மா இழுத்துக்கொண்ட கால்

சேசு மரி சூசை துணை

உவரி,
உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய்

அன்பு மகள் ஜெர்சிலினுக்கு அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது. அந்தோணியார் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் சுகம், ராஞ்சியில் உன் சுகத்துக்கும் கன்னியர் மடத்தில் உள்ள எல்லாருடைய சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறோம் (ஒருவரைத் தவிர என்று அம்மாவின் முகம் சொல்கிறது). என் வலது பெருவிரலில் கெளுத்தி மீன் முள் ஏறி வீங்கிக் கிடப்பதால் உன் தங்கச்சி ஸ்டெனிலாதான் எழுதுகிறாள். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு அக்கா, அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது தாண்டிவிடுவேன்.) மடத்தில் செல்போன் கூடாது என்பது நல்ல சட்டம்தான், ஆனால் கடிதமும் மாதத்துக்கு ஒன்றுதான் என்பது யார் போட்ட சட்டம், அதுவும் உங்கள் மடத்துத் தலைவி, அந்த மதர்தானா?

உன் கடிதம் பெரிய வியாழனுக்கு முந்தின நாள் வந்தது. போன வருசம் பெரிய வியாழன் பூசையில், சேசு சீடர்கள் காலைக் கழுவியதுபோல, மதர் முழங்காலில் நின்று என் இரண்டு கால்களையும் கழுவித் துடைத்து முத்தமிட்டார், பெற்ற தாயைப் போல இருந்தது, இந்த வருசமும் எனக்கு அந்தப் பாக்கியம் உண்டு என்று எழுதியிருந்தாய். வாசித்துச் சந்தோசப்பட்டேன். (பச்சைப் பொய். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், "பெத்த தாயப் போலயா? அப்போ பெத்தவ யாரப் போல, ஏட்டி?" என்று என்னிடம் பாய்ந்தாள், நான்தான் மதர் என்பதுபோல. அந்தக் கோபத்தில்தான் கெளுத்தி முள்ளே ஏறியது. தவக்காலத்தில் பொறுமை வேண்டும் என்று பங்குச் சாமியார் நாற்பது நாளாகப் பிரசங்கம் வைத்தார். அம்மா அதில் ஒரு காலைப் போட்டுப் பொறாமை ஆக்கிக்கொண்டாள்.)

இந்த வருசம் நம் கோயிலிலும் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் ஆறு பெண்கள் என்று சாமியார் முடிவு செய்து என் பெயரையும் எழுதியிருந்தார். உனக்குத்தான் தெரியுமே, கழுவப்போகிற காலை யாரும் கழுவாமல் கொண்டுபோவதில்லை. நானும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். (தேய்த்த தேய்ப்பில் சாமியாருக்கு வேலையே மிச்சமில்லை.) பெரியவர் குனிந்து சின்னவர் காலைத் தொடுவதுதான் இந்த நாளின் அர்த்தம் என்று சாமியார் சொன்னார். பெற்றவர்கள் செய்யாத குனியலா மக்கா, அதற்கு மணி அடித்து யார் கொண்டாடினார்கள் என்று எனக்குள் ஓடியது. என் முறை வந்தது. சாமியார் என் பாதத்தைக் கையில் ஏந்திச் செம்பைச் சரித்தார். இதே நேரம் அங்கே ஒருத்தி கையில் என் பிள்ளை கால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன். "வேண்டாம் சாமி" என்று வாயில் வந்துவிட்டது. அது மைக்கிலும் விழுந்துவிட்டது.

(இனி நான் சொல்கிறேன், அம்மாவுக்கு வெட்கம். கோயில் முழுக்க அசந்துபோய்விட்டது. சேசு கால் கழுவ வந்தபோது சீடர் இராயப்பர் வேண்டாம் என்று மறுத்தாரே, அம்மா அதையே பக்தியில் செய்துகாட்டுகிறாள் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். கோயில் உபதேசியார் கண்ணைத் துடைத்தார். சாமியார் கெஞ்சிக் கேட்டு ஒரு காலை மட்டும் கழுவினார். வெளியே வந்ததும் நாலு பேர் அம்மா கையைப் பிடித்து, "என்னா தாழ்ச்சி, என்னா தாழ்ச்சி!" என்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் உண்மை தெரியும். "ஏளா கித்தேரி, இராயப்பர் பட்டம் கெடச்சிட்டு, அவரு கையில உள்ள மோச்சத்துச் சாவியையும் கேட்டு வாங்கிரு" என்றார். ஊரில் காலை வாருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தன் காலையே வாரிக்கொண்டு நல்ல பெயர் வாங்கியவள் நம் அம்மா ஒருத்திதான்.)

பெரிய வெள்ளிக்கு ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை, கோயிலில் கஞ்சி ஊற்றினார்கள், சனி பூசையில் மந்திரித்த தண்ணீரைப் போத்தலில் பிடித்து வைத்திருக்கிறேன். உயிர்ப்புக்கு அப்பா பெரிய சீலா மீனாகக் கொண்டுவந்தார், உன்னை நினைத்துக்கொண்டுதான் ஆக்கினேன். ஊர் இன்னும் என்னைப் புகழ்கிறது, சாமியாரிடம் உண்மையைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணவேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் இடது குதிகாலில் சிப்பி வெட்டிய தழும்பு இருக்கிறதே, ஏழு வயதில், எட்டு நாள் உன்னை இடுப்பில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேனே, அதை மதர் பார்த்தாரா? இது என்ன என்று கேட்டாரா? நீ என்ன சொன்னாய்? அவர் நல்லவராகத்தான் இருப்பார், உன்னைக் காய்ச்சலில் பார்த்துக்கொண்டவர், அவருக்கும் என் தோத்திரத்தைச் சொல்லு. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. மாதாவின் ஆசீரும் எங்கள் ஆசீரும் உன்னோடு இருக்கட்டும். அடுத்த வருசம் பெரிய வியாழனுக்கு அவரிடம் வலது காலை மட்டும் நீட்டு மக்கா. இடது காலை எனக்கு விட்டு வை, வருகிற மே மாதம் நீ வீட்டுக்கு வந்ததும் நானே கழுவுகிறேன்.

(இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை அக்கா.)

உன் அம்மா,
கித்தேரி