உன் பட்டத்துக்குப் பொலோன்யா வந்தோம்

நார்தோ,
மார்ச் கடைசிச் செவ்வாய்

அன்பு மகன் தொனாத்தோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, உன் தங்கை ஒர்னெல்லா, அத்தை எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்பதுதான் வழக்கம். இந்த முறை அந்தக் கேள்வியை எழுதி எழுதி அடித்துவிட்டேன். நீ இருக்கும் ஊரை யாருக்கும் சொல்லக் கூடாதென்று உன் அறைத்தோழன் சிமோனேவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாயாம். கடிதத்தை மட்டும் சேர்த்துவிடுகிறேன் என்றான். நல்ல பையன். அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

எனக்கு மனது இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. நேற்று தண்ணீர் ஊற்றாமலே காப்பிக் குடுவையை அடுப்பில் வைத்துவிட்டேன். கருகி வீடெல்லாம் நாற்றம். அப்பா எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

உன் பட்ட நாளன்று பொலோன்யாவில், பல்கலைக்கழக வாசலில் என்ன நடந்ததென்று உனக்குத் தெரியாது. நீதான் அங்கே இல்லையே. அதனால் நானே சொல்கிறேன்.

முந்தின நாள் மாலை எவ்வளவு சந்தோஷமாக ஊரைச் சுற்றிக் காட்டினாய்! எங்கே போனாலும் தலைக்கு மேல் தாழ்வாரம், இந்த ஊரில் மழைக்குக் குடையே வேண்டாம் என்றாய். சதுக்கத்துப் பழைய மாளிகையின் வளைவுக்குக் கீழே என்னை ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு, நீ எதிர் மூலைக்குப் போனாய். அங்கே மெதுவாகச் சொன்னால் இங்கே காதில் சொல்கிற மாதிரி கேட்குமாம். கேட்டது. "அம்மா, என்னை மன்னிச்சிரு" என்றாய். முட்டி வலியோடு இவ்வளவு தூரம் நடக்கவைத்ததற்காகச் சொல்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன், தொனாத்தோ. சிரித்தேன்.

மறுநாள் காலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு, "முன்னாடியே போகணும்மா, பதினோரு மணிக்கு நேரா வாசலுக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். வந்தோம். பட்டம் வாங்கியதும் உன் தலையில் வைக்க நம் கொல்லைப்புறத்து மரத்து இலையில் அத்தை கட்டிய கிரீடத்தை ரயிலில் யாரும் இடித்துவிடாமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாளே, அதோடுதான் நின்றாள். ஒவ்வொரு பிள்ளையாக வெளியே வந்தது. பட்டம் வாங்கி வந்தவர்களின் தலையில் நண்பர்கள் வழக்கப்படி மாவைக் கொட்டிக் கேலிப் பாட்டுப் பாடினார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அப்பா கேமராவைத் தூக்கினார், இறக்கினார்.

கூட்டம் கரைந்துபோனது. காவலாளி கதவைச் சாத்த வந்தார். அத்தை விடுவாளா?

"எங்க புள்ள இன்னும் உள்ள இருக்கான், அதுக்குள்ள சாத்துறீங்களே! வடக்கத்திக்காரங்களுக்குச் சாப்பாடுன்னா அவ்வளவு அவசரமா?"

"உள்ள யாரும் இல்லம்மா. பெருக்குறவர் மட்டுந்தான் இருக்காரு."

அப்போது வெளியே வந்த ஒரு பேராசிரியை நின்று உன் பெயரைக் கேட்டார். சொன்னோம். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "தொனாத்தோவா? ரெண்டாவது வருஷத்துக்கு அப்புறம் அவன் வகுப்புக்கே வரலையே. நானே விசாரிச்சுப் பாத்தேன். ஊருக்குத் திரும்பிட்டான்னு நெனச்சேன்" என்றார்.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அது வேற தொனாத்தோவா இருக்கும்மா. எங்க பையனுக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும்" என்றார்.  பேராசிரியை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அப்போது அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. யாரோ ஒருத்தியின் பையனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது போலவே நின்றேன். அந்த நேரத்தில் தெருவில் ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு போனது. நீ ஏதாவது செய்துகொண்டாயோ என்று உடனே ஓடினேன். முட்டியாவது ஒன்றாவது! முந்தின நாள் நீ காட்டிய அந்த உயரமான கோபுரம் வரைக்கும் ஓடினேன். டிக்கெட் கொடுப்பவரிடம், கோட்டுப் போட்ட ஒரு பையன் மேலே போனானா என்று கேட்டேன். என் கோலத்தைப் பார்த்து அவர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

"மாணவனா? அப்பிடின்னா கவலையே படாதீங்க. படிக்கிற பசங்க இதுல ஏற மாட்டாங்க. ஏறுனா பட்டம் கெடைக்காதுன்னு ஒரு பயம்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். இனிமேல் உனக்கு அந்தப் பயம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒர்னெல்லா ஓடி வந்து, நீ ஏதோ ஒரு ரயில் நிலையத்திலிருந்து சிமோனேவைக் கூப்பிட்டுப் பேசினாய் என்று சொல்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று வருஷமாக நீ வேலை பார்த்த இடத்துக்கு மாலையில் சிமோனே கூட்டிப்போனான். ரொட்டிக்கடைக்கார அம்மா இயோலே மாவுக் கையோடு வந்தாள். நான் தொனாத்தோவின் அம்மா என்றதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"நீங்க செத்துப்போயிட்டீங்கன்னுல்ல சொன்னான்! வருஷா வருஷம் உங்க நினைவுப் பூசைக்குன்னு நான்தானே லீவு குடுத்தேன்!"

நவம்பரில் என் பிறந்தநாளுக்கு ஓடி வருவாயே, அந்த லீவு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பெற்றவள் ஏன் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை என்று கடையில் கேட்டிருப்பார்கள். உனக்கு வேறு பதில் தோன்றியிருக்காது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும், எப்படி மகனே உனக்கு வாய் வந்தது?

உன் பட்டத்துக்கென்று நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சொன்னது சொன்னதுதானே, சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். உடம்பு சரியில்லை, தேதி தள்ளிப்போய்விட்டது, ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று அத்தை அப்பாவின் காதைக் கடித்தாள். நாலு பேர் எதிரே வாயே திறக்காத மனிதர் எழுந்து நின்றார். "என் மகன் பட்டம் வாங்கல. படிப்ப விட்டு மூணு வருஷமாச்சு. ரொட்டி போடுறான். எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. சூப் ஆறுது, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.  சித்தப்பா ஏதோ குத்தலாக ஆரம்பித்தார். இவ்வளவு நேரம் மூடி மறைக்கச் சொன்ன அத்தைதான், "உன் மகன் காரை மரத்துல இடிச்சப்ப நாங்க விருந்தா வெச்சோம்? பேசாம சாப்பிடு" என்று அடக்கினாள்.

ஆகவே ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி நீ யாருக்கும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்பா தினமும் சாயங்காலம் ரயில் வரும் நேரத்துக்குக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். வெறுங்கையோடு திரும்பி வருகிறார். நான் கேட்பதில்லை.

கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நிறைய இருக்கிறது. உன்னை உட்காரவைத்துத் திட்ட வேண்டியது அவ்வளவு இருக்கிறது. அதையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக இருக்காதே.

திட்டு வாங்குவதற்காகவாவது வந்துவிடு, மகனே.

உன் அம்மா,
அத்தோலராத்தா