சாமி அறைக்குள்ள இருந்த உங்கட பற்றரி

இஞ்சாருங்கோ, என்ரை மகராசா,

முதல்ல நல்ல சேதியைச் சொல்லிப்போடுறன், இல்லாட்டி எனக்கு வயித்துக்குள்ள நிக்காது. எனக்குக் கார் லைசன்ஸ் கிடைச்சிட்டுது! அறுபத்தொரு வயசில, ரெண்டாந்தரம் எடுத்துப் பாஸ். "உமக்கு ஏனப்பா கார்? நான் இருக்கிறன்தானே" எண்டு முப்பது வருசமாச் சொன்ன மனுசன் எல்லோ நீங்கள். இருக்கிறன் எண்டு சொன்ன ஆள் இப்ப எங்க?

சரி, சண்டைக்கு வரேல்லை. நீங்கள் கண்ணை மூடின பிறகு இந்த டென்மார்க் பிராண்டேயில கார் ஓடத் தெரியாமல் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறதெண்டாலும் எங்கட மகள் துளசியைக் கெஞ்சவேணும். அவளுக்குக் காற்றாலைத் தொழிற்சாலையில ஷிஃப்ட் வேலை, பிள்ளை களைச்சுப்போய் வாறவள். ஒருநாள் எனக்கு ரோசம் வந்திட்டுது, போய்ப் பேரைப் பதிஞ்சிட்டன். பழகினதெல்லாம் பழக்கிற ஆளின்ரை காரில. எங்கட கார் நீங்கள் விட்ட இடத்திலயே ஒரு வருசமா நிண்டுது.

போன கிழமை வெள்ளிதான் நான் தனிய ஓடிக் கோயிலுக்குப் போறதெண்டு இருந்தன். முதல்நாள் வியாழக்கிழமை, வெளியில நிண்டபடியே கையை விட்டுக் கார்த் திறப்பைப் போட்டுத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. பற்றரி செத்துப்போச்சு. நான் விடுவனோ? நீங்கள் ஒவ்வொரு பனிக்காலமும் செய்யிறதைப் பார்த்துக்கொண்டு நிண்டவள்தானே. ஸ்பனரை எடுத்துக் கழட்டி, சாமான் வாங்கப் போற தள்ளுவண்டிலில ஏத்தி, சாமி அறைக்குக் கொண்டு வந்திட்டன்.

இந்தக் கடிதத்தை எங்கட கோயில் ஆக்களுக்கும் வாசிக்கக் குடுக்கப்போறன் எண்டதால ஒண்டு சொல்லவேணும். எங்கட சாமி அறை எண்டது உடுப்புத் தோய்க்கிற மெசின் நிக்கிற அறைதான். வீட்டில புகைக்கு அலறுற பெட்டி பூட்டாத ஒரே அறை அது. சாம்பிராணி போட்டால் மற்ற அறையெல்லாம் கூவும், பிள்ளையாரை வேற எங்க கொண்டுபோய் வைக்கிறது? கதவைப் பூட்டினால் நல்ல சூடு. உங்களுக்கு அது வசதியாப் போச்சு. "பற்றரிக்கும் குளிரும், சாமிக்குப் பக்கத்தில கிடக்கட்டும்" எண்டு பழைய போர்வையால போர்த்தி, திருநீறும் பூசி விடுவீங்கள். நானும் அப்பிடியே செய்தன். போர்த்தி, பூசி, உங்கட அந்தப் பழைய சார்ஜரைக் கொளுவி விட்டன்.

வெள்ளிக்கிழமை காலமை முழுகிப்போட்டு அறைக்கதவைத் திறக்கிறன், அழுகின முட்டை மணம்! விரத நாள், சாமி அறைக்குள்ள முட்டை நாத்தம். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேணும். ஏதோ எலி கிலி செத்துக் கிடக்குது எண்டு நினைச்சு, விளக்கைக் கொளுத்தி, சாம்பிராணியும் போட்டு நாத்தத்தைக் கலைப்பம் எண்டு நெருப்புப்பெட்டியை எடுத்தன்.

அந்த நேரம் பார்த்துத் துளசி வீடியோவில எடுத்தாள். "அம்மா, இண்டைக்குத் தனியப் போறீங்களோ?" எண்டு வாழ்த்தத்தான் எடுத்தவள். நான் பெருமையா போனைத் திருப்பிக் காட்டினன். "பார் பிள்ளை, கொப்பர் மாதிரியே பற்றரியைச் சார்ஜில போட்டிருக்கிறன். ஆனா ஏதோ மணக்குது, ஒருக்காப் பொறு, சாம்பிராணி போட்டிட்டு வாறன்."

"நை! அம்மா, நை!" எண்டு டேனிஷில கத்தினாள். பிறகுதான் தமிழ் வந்தது. "நெருப்புக்குச்சியைத் தொடாதேங்கோ! லைற் போடாதேங்கோ! கிளிப்பைக் கழட்டாதேங்கோ! பின்கதவைத் திறந்துவிட்டிட்டு வெளியில வாங்கோ!"

"ஏன் பிள்ளை, பூசை…"

"பிள்ளையார் பொறுப்பார், நீங்கள் வாங்கோ!"

கதவைத் திறந்துவிட்டிட்டு, அவள் சொன்னபடி முன்வாசலடியில இருக்கிற கரண்ட் பெட்டியில மெயினை நிப்பாட்டிப்போட்டு, ஈரத்தலையோட முற்றத்தில போய் நிண்டன். பத்து நிமிசத்தில வந்திட்டாள். தன்ரை காருக்குள்ள என்னை இருத்தி வைச்சுத்தான் விளங்கப்படுத்தினாள். பற்றரி சார்ஜ் ஏறேக்க ஒரு வாயு வருமாம். அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூட்டின அறைக்குள்ள சேர்ந்தால் ஒரு பொறி காணுமாம், பற்றரி வெடிச்சு அசிட் முகமெல்லாம் தெறிக்கும். முட்டை நாத்தம் வந்தால் பற்றரி கொதிச்சுக் கெட்டுப்போச்சு எண்டு அர்த்தம். அந்தப் பழைய சார்ஜர் தானா நிக்காதாம், ஏத்திக்கொண்டே இருக்குமாம். போர்வையைப் பற்றிக் கேட்டன். தலையில அடிச்சுக்கொண்டாள்.

நீங்கள் கரண்டை நிப்பாட்டாமலே கிளிப்பைக் கழட்ட, ஒரு நீலப்பொறி 'டிக்' எண்டு பறக்குமே, "பாரும், இன்னும் உயிர் இருக்கு" எண்டு சிரிப்பீங்களே, ஞாபகமோ? பக்கத்தில நான் விளக்குக் கொளுத்திக்கொண்டு நிண்டிருப்பன். விசர் மனுசா! குண்டுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இஞ்ச வந்து இருபது பனிக்காலம் ஒரு குண்டுக்குப் போர்வை போர்த்தி, திருநீறு பூசி, பக்கத்தில இருந்து தேவாரம் பாடியிருக்கிறம்! இதைச் சொன்னதும் துளசி சிரிக்கத் தொடங்கினாள், நானும் சிரிக்கத் தொடங்கினன். கண்ணீர் வரச் சிரிச்சம். உங்களை நினைச்சு இப்பிடிச் சிரிச்சு எவ்வளவு நாள்.

பற்றரி நல்லா ஆறின பிறகு அவள் கண்ணாடியும் கையுறையும் போட்டுத் தூக்கி வெளியில வைச்சாள். பக்கமெல்லாம் ஊதிக் கிடந்தது. குப்பை பிரிக்கிற இடத்தில குடுக்கப்போறன் எண்டாள். நீங்கள் தெரிஞ்செடுத்து வாங்கினது, உங்கட கையால பூட்டினது. இந்த வீட்டில உங்கட சாமான் ஒண்டையும் நான் இடம் மாத்தேல்லை, உங்கட செருப்புக்கூட வாசலிலதான் கிடக்குது. "அம்மா, அப்பா செய்ததெல்லாம் சரியெண்டில்லை" எண்டாள் மெதுவா. அதில பூசின திருநீறை ஒருக்காப் பார்த்திட்டு, "கொண்டுபோ" எண்டன்.

இப்பப் புதுப் பற்றரி. ஏறி முடிஞ்சால் தானா நிக்கிற சார்ஜர். அதுவும் காத்தோட்டமான கார் கொட்டிலுக்குள்ள, போர்வை கீர்வை ஒண்டும் இல்லாமல். கோயிலில கண்ட ஆக்களிட்டையெல்லாம் கேட்கிறன், "பற்றரியை எங்க வைச்சுச் சார்ஜ் பண்றியள்?" எண்டு. மூண்டு வீட்டில சாமி அறையாம்! ஒரு அண்ணை கட்டிலுக்குக் கீழயாம். நல்ல ஏச்சுக் குடுத்திருக்கிறன்.

ஓமப்பா, கோயிலுக்குப் போனன். நேற்று வெள்ளிக்கிழமை, தனிய. கார்க்கதவைத் திறந்து ஓடுற சீற்றில முதன்முதலா ஏறி இருந்தால் கால் எட்டேல்லை. உங்கட நீட்டுக் காலுக்குத் தள்ளி வைச்சபடியே கிடந்தது. கையை ஸ்டியரிங்கில வைச்சுக்கொண்டு கொஞ்சம் அழுதன். உங்களுக்கு ஏன் ஒளிக்கவேணும்? பிறகு கீழ இருக்கிற தடியை இழுத்து, காலை ஊண்டி, ஒரு சாண் முன்னுக்கு வந்தன். பிரேக் எட்டிச்சுது. திறப்பைத் திருப்பினன், ஒரே திருப்பில பிடிச்சுது.

ஒவ்வொரு வெள்ளியும் ஓடுவன், உங்களுக்கும் ஒரு அர்ச்சனை செய்வன். ஆனா அந்தச் சீற்றை இனிப் பின்னுக்குத் தள்ளமாட்டன். கோவிக்காதேங்கோ.

உங்களை இண்டைக்கும் ஏசிக்கொண்டிருக்கிற
உங்கட மனுசி,
பூமணி