ஓரத்துக்கு ஓடும் பச்சைக் கட்டம்

மார்ச் 2

என் மனைவி வாட்ஸ்அப் டிபி மாற்றியிருக்கிறாள். மாடிப்படியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. எடுத்தது சகலை, அவள் அக்காவின் கணவர். பக்கத்துத் தெரு. சூப்பர் மார்க்கெட்டில் மேனேஜர். போன மாதம்தான் நான் ஆசை ஆசையாய் ஒரு கேமரா வாங்கினேன். இரண்டு வாரம் போகவில்லை, அதே மாடலை அவரும் வாங்கிவிட்டார். கேட்டால், "நீங்க வாங்கினதைப் பாத்துதான் சகலை ஆசை வந்துது" என்கிறார். என்னைப் பார்த்து வாங்கியவர் என்னைவிட நன்றாக எடுப்பானேன்?

"படம் நல்லாருக்கே" என்றேன்.

"மாமா ஒரே கிளிக்தான். டக்குனு எடுத்துட்டாரு."

டக்குனாம்.

மார்ச் 3

பொறாமையெல்லாம் இல்லை. எரிச்சல், அவ்வளவுதான்.

மார்ச் 8, ஞாயிறு

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளை நான் ஒரு படம் எடுக்க வேண்டும். அது சகலை எடுத்ததைவிடத் தெளிவாக இருக்க வேண்டும்.

காலை வெயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். காய்ந்த துணிகளை மடியில் போட்டு மடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வ்யூஃபைண்டரில் கண் வைத்தேன். ஃபோகஸ் எங்கே என்று காட்டும் பச்சைக் கட்டத்தை அவள் முகத்தில் கொண்டுவந்து வைக்கிறேன். பட்டனை அழுத்துவதற்குள் அது வலது ஓரத்துக்கு ஓடிவிடுகிறது. திரும்பக் கொண்டுவந்தேன். திரும்ப ஓடியது. ஆட்டோஃபோகஸாம், ஆட்டோஃபோகஸ்! திரைச்சீலை அட்டகாசமாக விழுந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் உள்ள கீறல்வரை தெரிகிறது. அவள் மட்டும் புகைமூட்டம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். கோபமாக இல்லை. சிரித்துக்கொண்டுதான். சொல்லிவிட்டுத் தன் பள்ளிக்கூட ஆபீஸ் கதையை ஆரம்பித்தாள். ஏதோ ஒரு டீச்சருக்கும் பியூனுக்கும் சண்டை. நான் 'ம்' கொட்டினேன். கட்டத்தைத் துரத்துகிறவனுக்குக் கதை எங்கே காதில் ஏறும்?

ஊருக்கெல்லாம் கண் சோதித்துக் கண்ணாடி போடுகிறவன் நான். என் வீட்டுப் படம் இப்படி.

மார்ச் 10

கேமராக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வாசலில் போகிற ஸ்கூட்டரைக் கையை நீட்டி இரண்டு எடுத்தார். இரண்டும் சுத்தம். "கேமராவுல ஒண்ணும் இல்ல சார்" என்று ஒரு பார்வை பார்த்தார். எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. 'புதுக் கண்ணாடி சரியில்ல' என்று வருகிறவர்களை நானே அப்படித்தான் பார்ப்பேன்.

மார்ச் 15, ஞாயிறு

மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. சகலையும் கேமராவோடு வந்திருந்தார். அவர் எடுக்கும் லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. வ்யூஃபைண்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கேமராவைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, பின்னாலிருக்கும் ஸ்கிரீனைப் பார்த்து எடுக்கிறார், போனில் எடுப்பதுபோல. கண் வைத்துப் பார்த்து எடுப்பவன்தானே போட்டோகிராபர்? ஆனால் யாருக்கு அந்தக் கவலை! மாமனார் அவர் எடுத்ததைப் பார்த்துவிட்டு, "பெரிய மாப்பிள்ளைக்குக் கைராசிப்பா" என்றார். என்னுடையதைப் பார்த்துவிட்டு, "சின்ன மாப்பிள்ளை, உங்க கடையிலேயே நல்ல கண்ணாடியா ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் — அதுதான்.

கடைசியில் எல்லாரையும் நிற்கவைத்து நான் ஒரு படம் எடுத்தேன். மாமனார் மங்கல். மாமியார் மங்கல். என் பெண்டாட்டி மங்கல். வலது ஓரத்தில் நின்ற சகலை மட்டும் பளிச்சென்று, மீசை நுனி உட்பட. நான் காசு கொடுத்து வாங்கின கேமராகூட அவர் கட்சி. வேற என்னத்த சொல்ல?

கிளம்பும்போது இரண்டு கறுப்புப் பைகளும் ஒரே நாற்காலியில் இருந்தன. அவருடையது என் கைக்கு வந்துவிட்டது.

வந்துவிட்டது என்ன? எடுத்தேன். தெரிந்துதான் எடுத்தேன்.

மார்ச் 16

அவர் கேமராவில் அவளை எடுத்தேன். கட்டம் ஓரத்துக்கு ஓடியது. ஃப்ரிட்ஜ் அருமையாக வந்திருக்கிறது.

மார்ச் 17

என் கேமராவில் சகலை ஒரு பூனையை எடுத்து அனுப்பியிருக்கிறார். பூனையின் மீசைகூடக் கணக்காகத் தெரிகிறது. கேமரா மாறியது தெரியாமலே எடுத்திருக்கிறார். அப்படியென்றால் கோளாறு எதில்? இப்போது திருட்டுப் பட்டம் வேறு. எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது?

அவர் மெமரி கார்டில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அவ்வளவு கீழே இறங்கவில்லை.

பார்த்தேன். மாடிப்படிப் படமும் மாமனார் வீட்டுப் படங்களும் போக, பூ, பூனை, கடையில் அடுக்கிய ஆப்பிள். எல்லாமே தெளிவு. மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 20

சாயங்காலம் சகலை நேரே கடைக்கே வந்துவிட்டார், கையில் என் கேமராப் பையோடு. என் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு அம்மாளுக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் போனதும், "மன்னிச்சிடுங்க சகலை, அன்னைக்கு அவசரத்துல உங்க பையை நான் தூக்கிட்டுப் போயிட்டேன்" என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினேன். என்ன மனுஷன் நான்?

"கார்டை என்னுதுன்னு நெனச்சுப் பாத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். சுருக்கென்றது. அந்த மங்கல் படங்களையெல்லாம் பார்த்துவிட்டாரே! கேலியை எதிர்பார்த்து நின்றேன். அவர் கவுண்டரில் இருந்த துடைக்கும் துணியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அத்தனை படம், சகலை. ஒண்ணுகூட சரியா வரல. ஆனாலும் அவ எழுந்துக்காம உக்காந்திருக்கா. துணியெல்லாம் மடிச்சு முடிச்சு, வெயிலு மேல ஏறி, அப்பவும் பேசிட்டே உக்காந்திருக்கா." விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தார். "எங்க வீட்டுல கேமராவைத் தூக்கினாலே கையால மூஞ்சிய மறைச்சுக்குவா. அதான் பூனை, ஆப்பிள்னு எடுத்துட்டு அலையறேன். உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

அவருக்கு. என்மேல்.

"டீ சொல்லட்டா?" என்றேன்.

டீ குடிக்கும்போது என் கேமராவைத் திருப்பி ஸ்கிரீனைக் காட்டினார். வலது பக்கம் ஒரே இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. "நீங்க எந்தக் கண்ணு வெச்சு பாப்பீங்க?" என்றார். இடது. எனக்கு வலது கண்ணில் பவர் அதிகம். "அப்போ உங்க மூக்கு இங்க படுது. இது டச் ஸ்கிரீன். விரலால தொட்டா ஃபோகஸ் அங்க போகுமில்ல? மூக்கால தொட்டாலும் போகும்."

சிரித்துச் சிரித்து அவருக்கு டீ புரையேறியது. பிறகு எனக்கும்.

அவர் கேமராவை அவரிடமே கொடுத்தேன். வேண்டுமென்று எடுத்ததை மட்டும் இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மெனுவைத் தேடி, ஸ்கிரீனின் டச்சை அணைத்தேன். அவளை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். துணிக்கூடையோடு வந்து உட்கார்ந்தாள். ஹெட்மாஸ்டர் ரிடையராகப் போகிறாராம், ஆனால் நாற்காலியை விடுவதாக இல்லையாம்.

பச்சைக் கட்டம் அவள் கண்ணில் போய் நின்றது. ஓடவில்லை. எடுத்தேன். எல்லாம் தெரிகிறது: இமைமுடி, காதோரம் ஒரு நரை, பேச்சுக்கு நடுவில் பாதி திறந்த உதடு. சகலை எடுத்ததைவிட நன்றாக இருக்கிறது. சத்தியமாக.

"வந்துடுச்சா?" என்று கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

"இல்ல, ஃபோகஸ் போகல. உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். "எங்க விட்டேன்?" என்றாள்.

"நாற்காலியில" என்றேன்.