விரலை ஏற்காத லேப்டாப்

தார்நாகா,
ஹைதராபாத்.
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள மாதவுக்கு,

மேரி ஆன்ட்டி எழுதுகிறேன். நீ அங்கே ஜெர்மனியில் சுகமாக இருக்கக் கர்த்தர் அருள் செய்யட்டும். போனில் கூப்பிட்டால் பேச்சு வராது, அழுகைதான் வரும். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். லேப் வேலை நடுவில் திறந்திருந்தால் மூடிவிட்டு, எங்காவது தனியாக உட்கார்ந்து படி.

போன வாரம் நம் டைப்பிங் கடையின் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. யாருடைய தீசிஸும் அழியவில்லை. உன் அம்மா எதையும் மூன்று இடத்தில் சேமித்து வைப்பவராயிற்றே. ஆனால் யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் நான்கு பேர் மாதக் கடைசிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை புதிதாக ஒரு லேப்டாப் வாங்கினோம். பெரிய ஆபீஸ்களில் கொடுக்கிற பிசினஸ் லேப்டாப்.

பெட்டியைப் பிரித்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. பளபளப்பே இல்லாமல், பரீட்சை அட்டைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்த பிறகுதான் அசந்துபோனேன். சாவிகள் அவ்வளவு மெது. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தாலும் கண் கூசவில்லை. முந்நூறு பக்கத் தீசிஸில் பக்க எண்ணை மாற்றச் சொல்லிவிட்டு வழக்கம்போல டீ போடப் போகலாம் என்றால், எழுந்திருப்பதற்குள் முடித்துவிட்டது! அம்மா கூடச் சிரித்தார். இனிமேல் உனக்கு டீ கிடையாது மேரி என்றார்.

லேப்டாப்பைத் திறப்பவர் யார் என்று கேட்ட இடத்தில் முதல் பெயராக என் பெயரைப் போடச் சொன்னார். கடை உங்களுடையது அக்கா, உங்கள் பெயர்தான் முன்னால் வரவேண்டும் என்றேன். நீதானே வேகமாக டைப் பண்றே, போடு என்றார். நானும் போட்டேன்.

இந்த லேப்டாப்பில் பாஸ்வேர்டு வேண்டாம், பட்டனில் விரலை வைத்தால் திறந்துகொள்ளும். என் விரலை நாலைந்து தடவையில் பதிந்துகொண்டது. அம்மா வைத்தால் எடுக்கவில்லை. துடைத்து வைத்தார், வேறு விரல் வைத்தார், கை மாற்றினார். பத்து விரலும் ஆயிற்று. விடு மேரி, எனக்குப் பாஸ்வேர்டே போதும் என்று எழுந்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கோளாறான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று லேப்டாப் விற்ற கடைக்குப் போன் பண்ணிச் சண்டை போட்டேன். பண்ணாமல் இருந்திருந்தால் எனக்கு இன்றுவரை எதுவும் தெரிந்திருக்காது.

மறுநாள் காலையில் கடைக்காரர் ஜெயராமே வந்தார். ஐம்பது வயதிருக்கும், வாரங்கல்காரர். தன் விரலை வைத்தார், உடனே எடுத்தது. பிறகு அம்மாவிடம் கையைக் காட்டச் சொன்னார். அம்மா காட்ட மாட்டேன் என்றார். நான் என்ன நினைத்தேனோ, விளையாட்டுப் போல அவர் கையைப் பிடித்து மேஜை விளக்கடியில் திருப்பினேன்.

மாதவ், அந்த விரல்களில் ரேகையே இல்லை. நுனியெல்லாம் வழவழவென்று, சிவந்து, தோல் உரிந்திருந்தது. ஆறு மாதமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கை. பாத்திரம் தேய்க்கிற பவுடர் ஒத்துக்கலை என்று சொல்வார், க்ரீம் தடவிக்கொள்வார், மே மாத வெயிலிலும் சாக்ஸ் போட்டிருப்பார். நானும் பவுடரை மாற்றுங்கள் அக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

ஜெயராமும் குனிந்து பார்த்தார். பிறகு மெல்ல, "டேப்லெட்ஸ் வாடுதுன்னாரா, மேடம்?" என்று தெலுங்கில் கேட்டார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. அவர் மனைவிக்கும் இப்படித்தான் ஆயிற்றாம். கேன்சர் மாத்திரையில் ரேகை அழிந்து, ரேஷன் கடை மெஷின் அந்தம்மாவின் விரலை எடுக்காமல் திருப்பி அனுப்பியதாம். மாத்திரை நிறுத்திய பிறகு ரேகை திரும்ப வந்துவிட்டது, பயப்படாதீர்கள் மேடம் என்றார். மெஷினில் தப்பில்லை, நீங்கள் போய்ட்டு வாங்கோ என்று மட்டும் சொல்லி அம்மா அவரை அனுப்பினார்.

வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னார், ஏதோ கஸ்டமர் விஷயம் சொல்கிற மாதிரி. பிப்ரவரியில் ஒன்று விட்ட தங்கை மகள் பிரசவத்துக்கென்று காட்பாடி போனாரே, பிரசவமெல்லாம் இல்லையாம். வேலூரில் பெருங்குடலில் ஆபரேஷன். அதன் பிறகுதான் இந்த மாத்திரை, இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்தி. போன வாரம் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் ஒரு புள்ளி தெரிகிறதாம். வரும் மாதம் பதினெட்டாம் தேதி மறுபடி ஆபரேஷன். ஆஸ்பத்திரித் தாளில் உறவினர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் சகோதரி என்று போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். அதற்கு அவர் சொன்னது அப்படியே இது: "அவன் அப்பாவுக்காக ஒரு வருஷப் படிப்பை விட்டான் மேரி. இப்போ தீசிஸ் முடிக்க மூணு மாசம்தான் பாக்கி. எனக்காக இன்னொரு தடவை விடப்படாது. நீ வாயைத் திறக்கப்படாது." சத்தியம் கேட்டார். சரி என்றுதான் சொன்னேன். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீடியோ காலில் அவர் முகத்தை மட்டும்தானே நீ பார்க்கிறாய்? இனி ஒருமுறை கையைக் காட்டச் சொல்லிப் பார்.

நேற்று அவர் டெஸ்டுக்குப் போயிருந்தபோது இந்த லேப்டாப்பைத் திறந்தேன். என் பெயரில் ஒரு ஃபோல்டர். எந்தப் பேராசிரியருக்கு எந்த எழுத்துரு பிடிக்கும், எந்த பைண்டர் சொன்ன தேதியில் தருவான், எந்தப் பிள்ளையைக் கடிந்து பேசக்கூடாது, அவள் வீட்டுச் சூழ்நிலை என்ன... எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். கடைசி வரியில், "மேரிக்கு இங்கிலீஷ் இலக்கணத்தில் சந்தேகமே வேண்டாம், அவள்தான் வீணாகப் பயப்படுகிறாள்" என்று இருந்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று வாங்கினார் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்காக, தான் இல்லாத கடைக்காக வாங்கியிருக்கிறார் மாதவ்.

டாக்டர் கையை விரிக்கவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே புள்ளிதான், எடுத்துவிடலாம் என்கிறாராம். கூட ஆள் இருக்க வேண்டும், மனசு தைரியமாக இருக்க வேண்டும் என்றாராம். ஆளாக நான் இருப்பேன். லாலாகூடாவில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் நந்தகுமாரிடம் சொல்லிவிட்டேன், அவரும் லீவு போட்டுவிட்டார். ஆனால் மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது அவர் தேடப்போகிற முகம் என்னுடையது இல்லை.

படிப்பை விடாதே. விட்டால் அவரால் தாங்க முடியாது. கடைசி அத்தியாயத்தை இங்கே உட்கார்ந்து எழுது, உன் புரொஃபசரிடம் கேட்டால் சம்மதிக்க மாட்டாரா? எழுது, நான் அழகாக வடிவமைத்துத் தருகிறேன். பதினெட்டுக்கு முன்னால் மட்டும் வந்து சேர்.

யார் சொன்னது என்று கேட்பார். மறைக்காதே, மேரி ஆன்ட்டிதான் எழுதினாள், சத்தியத்தை மீறிவிட்டாள் என்றே சொல். என்னைத் திட்டட்டும். இன்னும் இருபது வருஷம் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைத் திட்டட்டும்.

உன் வழியெல்லாம் கர்த்தர் துணை நிற்கட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
ஆரோக்கியமேரி ஆன்ட்டி