மேட்டில் கேட்ட இருமல்

ஒக்டோபர் 7, செவ்வாய்
காலையில் வெயில். அஸர் தொழுகைக்குப் பிறகு மழை. நூஹ் நபி காலத்துக்குப் பின் இப்படியொன்று பெய்ததில்லை. தங்கச்சியின் மகள் பர்ஹானா வந்தாள். பேராதனையில் படித்தவள், சுற்றாடல் மதிப்பீட்டுக் குழுவில் வேலை. என் வீட்டுக்குப் பின்மேட்டில் கல்குவாரி போட அனுமதி கேட்டிருக்கிறார்களாம். அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று அறிய, சத்தம் பதியும் பெட்டியை மரத்தில் கட்டிவிட்டுப் போனாள். ஒன்றுமில்லை என்றால் குவாரி வரும். என் அரண்மனைக் கூரையில் கல்மழை.
தேயிலை முடிந்தது. பல்பும் வாங்க வேண்டும்.

8, புதன்
மஃரிபுக்கு முன் மேடேறினேன். ஒரு தவளைகூட இல்லை. சில்வண்டும் இல்லை. இப்படியே போனால் குவாரிக்காரனுக்குத்தான் வெற்றி. ஆகவே மகாகனம் பொருந்திய நான் பெட்டியின் முன் நின்று, படைப்பிலேயே இல்லாத பறவையாகக் கூவினேன். கண்டி வாவி மீன்கள் கரையேறியிருக்கும். கடைசியில் பாழாய்ப்போன இருமல்.

10, வெள்ளி
ஜும்ஆவுக்குப் பிறகு போனில் பர்ஹானாவின் ஏச்சு.
“பறவைக்கு ஆஸ்துமாவா மாமா? என்ட வேலைய இல்லாமலாக்கவா பாக்கிறீங்க?”
அந்தப் பதிவு முழுதும் குப்பைக்கு. மறுபடி பதிகிறாள். மேட்டுப்பக்கம் தலைவைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

12, ஞாயிறு
கம்பளையில் கலியாணம். நானும் தங்கச்சி குடும்பமும் விடிய முன்னே போய் இரவு இஷாவுக்குப் பிறகே திரும்பினோம். ஓர் ஊருக்குப் போதுமான வட்டிலப்பம் தனியாளாய்த் தின்றேன். பர்ஹானா பக்கத்துக் கதிரையில் இருந்து முறைத்துக்கொண்டே இருந்தாள்.

14, செவ்வாய்
மழையில்லை. காற்றுமில்லை. பின்னேரம் பர்ஹானா வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் போட்டுக் காட்டினாள்.
என் கூவல். அதே இழுப்பு. முடிவில் என் இருமல்.
“நீங்க எனக்குப் பக்கத்துலதானே இருந்தீங்க மாமா.”
ஓம் என்று தலையாட்டினேன். கிளியோ காகமோ என்று ஏதாவது அளந்திருக்கலாம்.
அறிக்கையில் என்னவென்று எழுதுவது என்று கேட்டாள். எழுதினால் கேலி செய்வார்கள், வேலையும் போகலாம். எழுதாவிட்டால் மேடு வெறும் மேடு, குவாரி வரும்.
கருவியை அணைத்தாள். இருமல் நிற்கவில்லை. மேட்டிலிருந்து, நிதானமாக.
“எழுது மகள்.”
எழுதினாள். இனங்காண முடியாத உயிர், மேலும் ஆய்வு தேவை.
குவாரி இப்போதைக்கு வராது. மாபெரும் வெற்றி. உடுக்க சாரன் இரண்டு, பிரஷ், மூக்குக்கண்ணாடி பையில் போட்டாயிற்று. தங்கச்சி வீட்டில் எனக்கு அறை ஒதுக்குகிறார்கள்.