பசுவுக்குப் பதில் வந்த மோட்டார் சைக்கிள்

ரெங்கம், தோட்டத்து மேல் லயம்
தாரண வருடம், ஆனி 12

அன்பு மகள் ராசம்மாவுக்கு,

அப்பா வீரமுத்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். அம்மாவின் கால் வீக்கம் மட்டும் இறங்கவில்லை. உனக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் முருகன் துணை இருக்கட்டும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

அம்மா கை படாமல் இந்தப் பிரசவத்தில் பிழைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். என் மூச்சு மாறியதை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். முன்னே உன் வயிற்றில் வந்த இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போனதை நினைத்து, அன்றே துணிமூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

ரயிலுக்குப் பாஸ் கேட்டு ஜப்பான்காரன் ஆபீசுக்கு மூன்று முறை போனேன். மூன்றாம் முறை நான் குனிந்து போட்ட கும்பிடு போதவில்லையாம், கன்னத்தில் இரண்டு கிடைத்தது. பாஸ் கிடைக்கவில்லை. லாரி ஓட்டும் வேலு குளுவாங்கிலிருந்து ஜொகூருக்குப் போகிறான். ஆனால் பக்கத்தில் ஜப்பான் சிப்பாய் உட்கார்ந்திருப்பான். இந்தக் கடிதத்தை வேலு சட்டைக்குள் ஒளிக்கலாம், உன் அம்மாவை எங்கே ஒளிப்பது? நீ இருக்கும் கெலாங் பாத்தாவுக்கு ஐம்பது மைலுக்கு மேல். வீங்கிய காலோடு அவள் நடக்க முடியாது.

அதனால் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். சிரிக்காதே. ஐம்பது வயதுவரை சைக்கிளிலேயே விழுந்து எழுந்தவன்தான்.

பக்கத்து ஊர் லாயாங் லாயாங்கில் சீனர் பட்டறையில் இரண்டு வண்டி நின்றன. ஒன்று வெள்ளைக்கார மானேஜர் விட்டுப்போனது, முகம் பார்க்கலாம். இன்னொன்று பதினைந்து வயதுக் கிழடு. நான் நேரே பளபளப்பில் போய் ஏறிக்கொண்டேன். இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. கூட வந்த வேலு என் காதில் சொன்னான்: “மாமா, புதுசை வாங்குனா ஜப்பான்காரன் ஓட்டுவான். பழசை வாங்குனா நீங்க ஓட்டலாம்.”

அதுவும் போக, இப்போது பெட்ரோல் எங்கே இருக்கிறது? ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய்தான். அதை ஊற்றியதும் பளபளப்பு இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. கிழடோ, நான் கள்ளு குடிப்பதைப் போல முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு ஓடியது. அதில் உட்கார்ந்தால் என் கால்கள் தரையில் படுகின்றன. சட்டத்தில் விரிசல் உண்டா, சக்கரம் ஆடுகிறதா என்று வேலு தட்டிப் பார்த்தான். நானும் தெரிந்தவன் மாதிரி தட்டினேன். சூடேறிய புகைக்குழாயில் கை பொசுங்கியது.

நம் கறவைப் பசுவைக் கொடுத்துத்தான் வாங்கினேன். உன் அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். “பால் குடுக்கிறதைக் குடுத்துட்டு எண்ணெய் குடிக்கிறதை வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்றாள். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்து, மூட்டையை எங்கே கட்டுவது என்று கேட்டாள்.

ஆறு நாளாகப் பழகுகிறேன். கால்வாயில் இரண்டு முறை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மரவள்ளிக் கொல்லையில் ஒரு முறை விழுந்தேன். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசில்லாத சர்க்கஸ். கிளப்ப வருகிறது, நேராகப் போக வருகிறது. நிறுத்தத்தான் வரவில்லை. நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு அரை மைல் போனேன். அவள் கத்தவில்லை. என் சட்டையைப் பிடித்த பிடியில் முதுகுத் தையல்தான் பிரிந்தது.

சியாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போன மாப்பிள்ளை தங்கராஜுவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அங்கிருந்து செய்தி வந்த மூன்று வீடுகளுக்குத் துக்கம் கேட்கப் போய்வந்தேன், ராசம்மா. நமக்கு வராமலே இருக்கட்டும்.

நாளை மறுநாள் விடியலில் புறப்படுகிறோம். பெரிய சாலையை விட்டு ரப்பர்க் காட்டுப் பாதையில் வருவோம். வண்டி நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு வருவேன். தள்ள முடியாவிட்டால் அதைப் போட்டுவிட்டு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வருவேன். எப்படியும் வருவேன்.

இந்தக் கிழடின் சத்தம் ஒரு மைலுக்கு முன்பே கேட்கும். கேட்டதும் வெளியே ஓடி வராதே. உன் வீட்டு வாழைகளில் மோதித்தான் நிற்பேன். அதுவரை வயிற்றில் கை வைத்துப் பிள்ளையிடம் சொல்லு, தாத்தா புதிதாக ஓட்டுகிறவன், மெதுவாகத்தான் வருவான், நாலு நாள் பொறுத்துக்கொள் என்று. அது நல்ல பிள்ளை, கேட்கும்.

நீயும் எங்கும் போய்விடாதே, கண்ணு.

வழி நெடுக உன்னையே நினைத்து வரும்
அப்பா வீரமுத்து